அந்த வெள்ளை அஞ்சு ரூபாய்

நவரை அறுப்பு முடிஞ்சு பத்து நாள் ஆச்சு. நெல்லு மூட்டை கொள்முதல் நிலையத்துல வரிசையில கிடக்கு. அறுப்பு மெஷின்காரருக்குக் கூலி குடுத்தாச்சு, உரக்கடை பாக்கி மட்டும் நிக்குது. அதனால உக்காந்து எழுதக் கொஞ்சம் நேரம் கிடைச்சிருக்கு. இந்தத் தடவை பயிரைப் பத்தி இல்ல, காசைப் பத்தி. விவசாயி காசைப் பத்தி எழுதினா விலை கட்டுப்படியாகலைன்னுதான் எழுதுவான்னு நினைப்பீங்க. அந்தக் காசு இல்ல. சட்டைப் பையில சத்தம் போடுதே, அந்தச் சில்லறைக் காசு.

காஞ்சிபுரத்தை ஒட்டி இருக்கிறதால எங்க ஏனாத்தூர்ல வயலும் உண்டு, தறியும் உண்டு. எங்க தெருவுல ஒரு தறிக்கார அண்ணன் இருக்கார். பேர் வேணாம். முப்பது வருஷமா கூலிக்கு நெய்யிறவர். மாசி மாசம் ஒருநாள் சாயந்திரம் நான் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருந்தப்ப வந்தார். மடியில இருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்துப் பிரிச்சார். உள்ள ஒரே ஒரு காசு.

"தம்பி, இது இன்னா காசு சொல்லு?"

"அஞ்சு ரூபாண்ணே."

"கலரைப் பாத்தியா?"

பாத்தேன். வெள்ளையா இருந்துச்சு. வருஷம் 2007.

"அஞ்சு ரூபான்னா மஞ்சளாத்தான இருக்கணும்? இதை வேற தகட்டுல மாத்தி அடிச்சுட்டாங்களாம். காசு அடிக்கிற ஆலையில நடந்த தப்பாம். எட்டு லட்சம் போவுதாம் தம்பி."

அவர் பையன் போன்ல ஏதோ ஒரு வீடியோ பாத்திருக்கான். 'தப்பான உலோகத்தில் அடித்த நாணயம் உங்களிடம் இருக்கிறதா?'ன்னு கேட்டுட்டு, கீழ ஒரு நம்பர். போட்டோ அனுப்பின அரைமணி நேரத்துல போன் வந்துருச்சு. நல்ல தமிழ், மரியாதையான பேச்சு. 'வாழ்த்துகள் ஐயா, உங்க காசு தேர்வாகி இருக்கு.' பதிவுக் கட்டணம் 1,250. கட்டியாச்சு. அப்புறம் ஜிஎஸ்டி 4,300. கட்டியாச்சு. பணத்தைப் பெட்டியில வைச்சு எடுத்துட்டு வர்றதுக்கு இன்சூரன்ஸ் 6,000. அதையும் கட்டியாச்சு. ரிசர்வ் வங்கி முத்திரை போட்ட ஒரு கடிதாசும் வாட்ஸ்அப்ல வந்திருக்கு. மொத்தம் 11,550 ரூபாய். இன்னும் 9,000 கட்டினா மறுநாள் காலையில ஆள் வந்துருவாங்களாம். அந்த ஒம்பதாயிரத்தைக் கைமாத்தா கேட்கத்தான் என்கிட்ட வந்திருக்கார்.

நான் ஒண்ணும் பேசலை. உள்ள போய் சில்லறை போட்டு வைக்கிற பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துட்டு வந்து திண்ணையில கொட்டினேன். தேடினதுல அதே மாதிரி வெள்ளை அஞ்சு ரூபாய் மூணு கிடைச்சுது. வரிசையா அவர் காசுக்குப் பக்கத்துல வைச்சேன். மூணையும் எடுத்து எடுத்துப் பாத்தார். அதுக்கு அப்புறம் அவர் முகம் போன போக்கை இங்க எழுத எனக்கு மனசு இல்ல.

இந்தப் பதிவு அவரைக் கிண்டல் பண்ண இல்ல. அவருக்கு வந்த சந்தேகம் நியாயமான சந்தேகம். அஞ்சு ரூபாய் மஞ்சளா இருக்கணும்னு நினைச்சார். ஒண்ணு மட்டும் வெள்ளையா இருந்தா ஏதோ தப்புன்னுதான் யாருக்கும் தோணும். அந்த நியாயமான சந்தேகத்தைத்தான் ஒரு கும்பல் காசாக்கிருச்சு.

விஷயம் என்னன்னா, நம்ம அஞ்சு ரூபாய்க் காசு ஆறே வருஷத்துல மூணு உலோகம் மாறியிருக்கு. புரியுற மாதிரி ரெண்டு தலைவரை வைச்சே சொல்றேன். 2003-ல காமராஜர் நூற்றாண்டுக்கு ஒரு அஞ்சு ரூபாய் வந்துச்சு. அது செம்பும் நிக்கலும் கலந்த வெள்ளை உலோகம். 9 கிராம், கையில வைச்சாலே கனம் தெரியும். 2009-ல நம்ம காஞ்சிபுரத்து மண்ணுல பொறந்த அண்ணாவோட நூற்றாண்டுக்கு ஒரு அஞ்சு ரூபாய் வந்துச்சு. தமிழ்லயே அவர் கையெழுத்து போட்ட காசு. அது நிக்கல் கலந்த பித்தளை, மஞ்சள் நிறம், 6 கிராம். இந்த ரெண்டுக்கும் நடுவுல, 2007, 2008 வாக்குல, துருப்பிடிக்காத இரும்புல அதே 6 கிராமுக்கு வெள்ளைக் காசு அடிச்சாங்க. அண்ணன் மஞ்சள் துணியில முடிஞ்சு வைச்சிருந்தது அதுதான். அரசாங்கம் தெரிஞ்சே அடிச்ச காசு. அதுல ஒரு தப்பும் இல்ல.

ஏன் மாத்துனாங்க? செம்பு, நிக்கல் விலை ஏறிப்போச்சு. காசோட முகமதிப்பை விட உள்ள இருக்கிற உலோகம் விலை கூடிப்போனா, அதை உருக்கி விக்கிறவன் வந்துருவான். அந்தச் சமயத்துல நம்ம காசு எல்லை தாண்டி பங்களாதேஷுக்குப் போய் சவர பிளேடு ஆகுதுன்னே பேப்பர்ல செய்தி வந்துச்சு. அதனால மலிவான உலோகத்துக்கு மாறினாங்க. மாறினது சரி. அதை சனங்களுக்கு யாரும் சொல்லலை. இங்கதான் எனக்குக் கோபம்.

சரி, அப்ப வேற தகட்டுல மாத்தி அடிச்ச காசுன்னு ஒண்ணு இல்லவே இல்லையான்னு கேட்டா, இருக்கு. அதையும் சொல்லிடறேன்.

காசு செய்யுற வேலை கிட்டத்தட்ட அதிரசம் தட்டுற மாதிரிதான். உலோகத்தைத் தகடா உருட்டி, அதுல இருந்து வட்டமா வெட்டி எடுப்பாங்க. ஒண்ணும் எழுதாத இந்த வெறும் வில்லையை ஓரம் எழுப்பி, சூடு காட்டி, மெருகு போட்டு மெஷினுக்கு அனுப்புவாங்க. மேல ஒரு அச்சு, கீழ ஒரு அச்சு, சுத்தி ஒரு வளையம். ஒரே அமுக்கு, காசு ரெடி. நம்ம நாட்டுல மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய நாலு ஊர்ல இந்த அக்கசாலைங்க இருக்கு. வெறும் வில்லை வெட்டித் தர்ற வேலை நம்ம சேலம் உருக்காலையிலயும் நடந்திருக்கு. துருப்பிடிக்காத இரும்பு வில்லை அங்க வெட்டி இருக்காங்க.

இப்ப ஒரு மெஷின்ல நேத்து ஒரு ரூபாய் அடிச்சாங்கன்னு வைச்சுக்கோங்க. தொட்டியோட மூலையில ஒரு ரூபாய் வில்லை ரெண்டு ஒட்டிட்டு நிக்குது. இன்னைக்கு அச்சை மாத்தி ரெண்டு ரூபாய் அடிக்கிறாங்க. அந்த ரெண்டு வில்லையும் புது வில்லையோட கலந்து உள்ள போயிருச்சுன்னா, ஒரு ரூபாய்த் தகட்டுல ரெண்டு ரூபாய் முத்திரை விழுந்துரும். வில்லை சின்னதுங்கிறதால ஓரத்துல இருக்கிற எழுத்து பாதி வெளியில போயிரும். பெரிய வில்லை சின்ன வளையத்துக்குள்ள போகாது, அதனால பெரும்பாலும் சின்னது பெருசுல மாட்டுறதுதான் நடக்கும். இவ்வளவுதான் அந்த மர்மம்.

எங்க பாஷையில இதுக்குப் பேர் கலவன். நெல்லு வயல்ல ஒரே ரகம் விதைச்சிருப்போம். கதிர் வர்ற நேரத்துல பாத்தா நாலு தூர் மட்டும் உயரமா, வேற நிறமா நிக்கும். போன போகத்து நெல்லு களத்துலயோ சாக்கு மூலையிலயோ ஒட்டிட்டு இருந்து கலந்தது. விதைக்குப் போற வயல்னா அந்தக் கலவனைப் பிடுங்கி எறிஞ்சுட்டுத்தான் மறுவேலை. அக்கசாலையிலயும் அப்படித்தான் சலிச்சுப் பிரிச்சு எடுக்கிறாங்க. தப்பி வெளிய வந்தது ஒண்ணு ரெண்டு. நாம பிடுங்கி எறியுற கலவனுக்கு அங்க சேகரிக்கிறவங்க விலை குடுக்கிறாங்க. வித்தியாசம் அவ்வளவுதான்.

இதுல உலகத்துலயே பேர் போனது அமெரிக்காக்காரன் 1943-ல அடிச்ச ஒரு சென்ட் காசு. அப்ப ரெண்டாம் உலகப்போர். தோட்டாவுக்கும் குண்டுக்கும் செம்பு வேணும்னு, அந்த வருஷம் மட்டும் சென்ட் காசைத் துத்தநாகம் பூசின இரும்புல அடிச்சாங்க. நூறு கோடிக்கு மேல அடிச்சிருக்காங்க. ஆனா முந்தின வருஷத்து செம்பு வில்லை கொஞ்சம் தொட்டிகள்ல ஒட்டிட்டு இருந்து உள்ள போயிருச்சு. அப்படி வந்த 1943 செம்புக் காசு இன்னைக்கு உலகத்துல இருபது முப்பதுதான் தேறும். அதுல ஒண்ணு 2010-ல 17 லட்சம் டாலருக்குப் போச்சு. 1947-ல ஒரு பள்ளிக்கூடப் பையனுக்கு மதியச் சாப்பாட்டுக்கடை சில்லறையில இன்னொண்ணு கிடைச்சுது. அவன் அரசாங்கத்துக்கு எழுதிக் கேட்டான். அந்த வருஷம் அடிச்சது எல்லாம் இரும்புதான்னு பதில் வந்துச்சு. அவனும் பேசாம பத்திரமா வைச்சுக்கிட்டான். எழுபது வருஷம் கழிச்சு, 2019-ல அது ஏலத்துல ரெண்டு லட்சத்து நாலாயிரம் டாலருக்குப் போச்சு.

இந்தக் கதையில ரெண்டு விஷயத்தை நம்ம வீடியோக்காரங்க சொல்ல மாட்டாங்க. ஒண்ணு, அந்தக் காசு கிடைச்சா ஃபோர்டு கம்பெனி முதலாளி புதுக் கார் குடுக்கிறார்னு அமெரிக்காவுல அப்பவே ஒரு வதந்தி ஓடுச்சு. கம்பெனிக்காரங்க அப்படி எதுவும் இல்லைன்னு மறுத்தாங்க. எட்டு லட்சம் தர்றேன்னு சொல்றவன் இன்னைக்கு முளைச்சவன் இல்ல. ரெண்டாவது, இரும்புக் காசு மேல செம்பு முலாம் பூசி ஏமாத்துறவன் ஆயிரக்கணக்குல கிளம்பினான். அவனைப் பிடிக்க ஒரு காந்தம் போதும். ஒட்டுச்சுன்னா இரும்பு, ஒட்டலைன்னா மேற்கொண்டு பாக்கலாம்.

அதே போர், அதே 1943, நம்ம ஊர்லயும் செம்புக்குப் பஞ்சம். இங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? காலணா நடுவுல ஓட்டை போட்டுட்டாங்க. எங்க பாட்டி 'ஓட்டைக் காலணாவுக்குப் பிரயோஜனம் இல்லாதவன்'னு தாத்தாவைத் திட்டுவாங்களே, அந்த ஓட்டைக் காலணா செம்பை மிச்சம் பிடிக்க வந்ததுதான். 1943-ல இருந்து 1947 வரைக்கும் அடிச்சாங்க. அதுவும் யாரோ துளைச்சுக் கெடுத்த காசு இல்ல, ஆலையில இருந்தே ஓட்டையோட வந்த காசு.

இதுக்கு எல்லாம் முன்னாடி ஒருத்தர் இருக்கார். சோவோட நாடகம் பாத்தவங்களுக்கு முகமது பின் துக்ளக்கைத் தெரியாம இருக்காது. 1330 வாக்குல வெள்ளித் தங்காவுக்குப் பதிலா செம்பு, பித்தளையில காசு அடிச்சு, இதுக்கும் வெள்ளிக் காசுக்கும் ஒரே மதிப்புன்னு சொன்னார். யோசனை தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். இன்னைக்கு நம்ம கையில இருக்கிற எல்லாக் காசும் அந்த யோசனைதானே? ஆனா எது அரசாங்கக் காசு, எது கொல்லன் பட்டறைக் காசுன்னு பிரிச்சுப் பாக்க சனங்களுக்கு வழி இல்ல. வீட்டுக்கு வீடு நாணயம் அடிச்சாங்கன்னு அந்தக் காலத்து வரலாற்று ஆசிரியர் பரணி எழுதி வைச்சிருக்கார். கடைசியில கஜானாவுல இருந்து வெள்ளியைக் குடுத்து எல்லாத்தையும் திரும்ப வாங்க வேண்டியதாப் போச்சு. காசு செல்லுபடியாகுறது உலோகத்தால இல்ல, நம்பிக்கையால. அந்த நம்பிக்கை நிக்கணும்னா, வாங்குறவன் கையில சோதிச்சுப் பாக்க ஒரு வழி இருக்கணும்.

இப்ப நம்ம ஊருக்கே வருவோம். தப்பே இல்லாத காசைத் தப்பான காசுன்னு நம்பி ஒருத்தர் 11,550 ரூபாய் இழந்துட்டார். இதுக்கு நேர் எதிர்ப் பக்கமும் இங்கயே இருக்கு. பத்து ரூபாய்க் காசு.

சென்னையில நீங்க சாதாரணமா குடுத்து வாங்குற பத்து ரூபாய்க் காசை எங்க பக்கத்துல நீட்டிப் பாருங்க. டீக்கடையில வாங்க மாட்டாங்க. ஷேர் ஆட்டோவுல 'நோட்டா குடுங்க'ம்பாங்க. பூக்காரம்மா கும்பிடு போட்டுத் திருப்பிக் குடுப்பாங்க. கேட்டா, 'செல்லாதுங்களே', 'டூப்ளிகேட் வருதாமே', 'ரூபாய் அடையாளம் போட்டதுதான் செல்லுமாம்', 'பத்துக் கோடு இருந்தா நல்லது, பதினஞ்சு கோடு இருந்தா கள்ளக்காசு' இப்படி ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க.

நடந்தது இதுதான். 2009-ல முதல் தடவையா பத்து ரூபாய்க் காசு புழக்கத்துக்கு வந்துச்சு. நடுவுல வெள்ளை, சுத்தி மஞ்சள், ரெண்டு உலோகம் சேர்ந்த காசு. 2011-ல ரூபாய் அடையாளம் சேர்ந்தப்ப டிசைன் மாறுச்சு, கதிர் மாதிரி இருக்கிற கோடு பதினஞ்சுல இருந்து பத்தாச்சு. நடுநடுவுல தலைவர்கள் நினைவா விதவிதமா வந்துச்சு. 2018 ஜனவரியில ரிசர்வ் வங்கியே அறிக்கை விட்டுச்சு: மொத்தம் 14 டிசைன், எல்லாமே செல்லும்னு. 14440-க்கு போன் போட்டா விவரம் சொல்லுவோம்னும் சொன்னாங்க. அதுக்கு முன்னாடி 2016 நவம்பர்லயும் இதே மாதிரி ஒரு அறிக்கை. ஆனா அறிக்கை பம்பாய்ல வருது, வதந்தி வாசல்ல நிக்குது. எது ஜெயிக்கும்?

2022-ல தர்மபுரி மாவட்டத்துக்காரர் ஒருத்தர் செஞ்சது பேப்பர்ல வந்துச்சு. அவங்க வீட்டுக் கடையில பத்து ரூபாய்க் காசு சேர்ந்து போச்சு, வெளிய குடுத்தா யாரும் வாங்கலை. பிள்ளைங்க அந்தக் காசை வைச்சு விளையாடுறதைப் பாத்திருக்கார். மனசு பொறுக்காம ஊர் ஊராச் சேர்த்து, ஆறு லட்ச ரூபாயைப் பத்து ரூபாய்க் காசாவே கொண்டுபோய் சேலத்துல ஒரு கார் வாங்கினார். நீங்க சிரிச்சிருப்பீங்க. நான் சிரிக்கலை. எங்க தெருவுல கீரை விக்கிற ஆயா கிட்ட அப்படி முப்பது, நாப்பது காசு சுருக்குப் பையில சேர்ந்து கிடந்துச்சு. முந்நூறு, நாநூறு ரூபாய். அவங்களுக்கு அது மூணு நாள் முதல். வங்கிக்கு எடுத்துட்டுப் போனப்ப 'எண்ண ஆள் இல்ல, அப்புறம் வாங்க'ன்னு அனுப்பிட்டாங்க. எந்த வங்கின்னு சொல்லலை, சொல்லி ஆகப்போறதும் இல்ல. அந்த ஆயாவால கார் வாங்க முடியாது. நான்தான் நோட்டு குடுத்துட்டு அந்தக் காசை வாங்கிட்டு வந்தேன்.

நான் சொல்ல வர்றது இதுதான். தப்பான காசுக்கு ஆசைப்பட்டு ஏமாறுறதும், சரியான காசைப் பயந்து ஒதுக்குறதும் ரெண்டு வியாதி இல்ல, ஒரே வியாதி. கையில இருக்கிற பொருளைச் சோதிக்காம, காதுல விழுந்ததை நம்புறது. ஆசை இருந்தா எட்டு லட்சம்னு நம்புறோம். பயம் இருந்தா செல்லாதுன்னு நம்புறோம்.

இதுல எனக்கு ரொம்ப வருத்தம் என்னன்னா, சோதிச்சுப் பாக்கத் தெரியாத சனம் இல்ல நாங்க. அந்தத் தறிக்கார அண்ணன் கிட்ட ஒரு துண்டு ஜரிகையைக் குடுத்துப் பாருங்க. நகத்தால ஒரு சுரண்டு சுரண்டி, உள்ள சிவப்புப் பட்டு நூல் தெரியுதா, வெள்ளிக் கம்பி மின்னுதா, இல்ல செம்பு பல்லை இளிக்குதான்னு அரை நிமிஷத்துல சொல்லிருவார். தங்கமும் வெள்ளியும் இருக்க வேண்டிய இடத்துல செம்பு இருந்தா, சேலையை மடிச்சுத் திருப்பி அனுப்புற ஊரு இது. நானும் விதை நெல்லை ஒரு கை அள்ளி, ஊதி, தண்ணியில போட்டு மிதக்குறதை ஒதுக்காம நாத்து விட மாட்டேன். அவங்கவங்க தொழில்ல இவ்வளவு சூதானமா இருக்கிற நாங்க, கையில தினம் புழங்குற காசுன்னு வந்தா மட்டும் ஏன் குருடாயிடறோம்?

ஏன்னா ஜரிகையைச் சோதிக்க அவருக்கு அவங்க அப்பா சொல்லிக் குடுத்தார். விதையைச் சோதிக்க எனக்கு எங்க தாத்தா சொல்லிக் குடுத்தார். காசைச் சோதிக்க யாரும் சொல்லித் தரலை.

அது ஒண்ணும் கம்பசூத்திரம் இல்ல. அன்னைக்குத் திண்ணையிலயே பழைய ஸ்பீக்கர்ல இருந்து கழட்டின காந்தத்தை வைச்சு அண்ணனுக்குக் காட்டினேன். 2007 வெள்ளைக் காசு நாலும் 'டக்'குனு ஒட்டுச்சு, இரும்புங்கிறதால. காமராஜர் காசு ஒட்டலை, செம்பு நிக்கல். அண்ணா காசு ஒட்டலை, பித்தளை. உங்க கிட்ட வித்தியாசமான காசு இருந்தா, மொதல்ல அதே வருஷத்துக் காசு இன்னும் நாலு தேடி எடுங்க. எல்லாம் ஒரே மாதிரி இருந்தா அது தப்புக் காசு இல்ல, அந்த வருஷத்துக் காசு. அப்புறம் காந்தம். அப்புறம் நகைக்கடைத் தராசுல எடை. ஒரு எச்சரிக்கை: அளவும் எடையும் கூட குழப்பும். பழைய ஒரு ரூபாயும் 2011-க்கு அப்புறம் வந்த ரெண்டு ரூபாயும் ஒரே விட்டம், ஒரே எடை: 25 மில்லிமீட்டர், 4.85 கிராம். கண்ணு மங்கின பெரியவங்க ரெண்டு ரூபாயை ஒரு ரூபாய்னு குடுத்துட்டு ஏமாந்தது கொஞ்ச நஞ்சம் இல்ல. அதையும் யாரும் கேக்கலை.

இவ்வளவுக்கும் அப்புறம் நிஜமாவே தப்பு வில்லையில அடிச்ச காசுன்னு தோணினா, நாணயம் சேகரிக்கிறவங்க கிட்ட நேர்ல கொண்டு போய்க் காட்டுங்க. விலை எவ்வளவுன்னு முன்கூட்டி யாரும் சொல்ல முடியாது, வாங்குறவன் இருந்தாத்தான் விலை. அமெரிக்கக் காசு போன விலையை நம்ம காசுக்கு ஒட்டவைச்சு சொல்றவன் ஏமாத்துறான். ஒண்ணே ஒண்ணு மட்டும் மனசுல வைச்சுக்கோங்க: வாங்க வர்றவன்தான் பணம் குடுக்கணும். விக்கிறவன் கிட்ட பணம் கேக்குற வியாபாரம் உலகத்துலயே கிடையாது. நெல்லு வியாபாரி என்கிட்ட 'மூட்டையைத் தூக்க முதல்ல நீ பணம் கட்டு'ன்னு சொன்னா நான் கட்டுவேனா? ரிசர்வ் வங்கியும் 2021 ஆகஸ்ட்லயே சொல்லிருச்சு: பழைய நோட்டு, காசு வாங்கி விக்கிற வேலை நாங்க செய்யறது இல்ல, எங்க பேர்ல கமிஷன் கேட்டா குடுக்காதீங்கன்னு. டிராக்டர் படம் போட்ட அஞ்சு ரூபாய் நோட்டுக்கு லட்சக்கணக்குல தர்றேன்னு ஒரு வீடியோ சுத்துதே, அதுவும் இதே கூட்டுதான். டிராக்டர் படத்துக்கே லட்சம்னா, நிஜ டிராக்டருக்குத் தவணை கட்டுறவன் எல்லாம் இங்க கோடீஸ்வரன் ஆகியிருக்கணும்.

பணம் போயிருச்சுன்னா உடனே 1930-க்கு அடிக்கணும். எவ்வளவு சீக்கிரம் அடிக்கிறோமோ அவ்வளவு நல்லது, பணம் கை மாறிப் போறதுக்குள்ள நிறுத்த வாய்ப்பு இருக்கு. அண்ணன் விஷயத்துல கடைசியாக் கட்டி நாலு நாள் ஆயிருந்துச்சு. அடிச்சோம், புகார் பதிவாச்சு. பணம் வரலை. அண்ணிக்கு விஷயம் தெரிஞ்சப்ப ரெண்டு நாள் அடுப்பு எரியலை. அவர் நெய்யிற சேலைக் கூலியில அது எவ்வளவு பங்குன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. அவரு என்கிட்ட சொன்னது ஒண்ணுதான்: "பணம் போனது கூட பரவால்ல தம்பி. முப்பது வருஷமா அசல் எது, போலி எதுன்னு பாத்த கண்ணு இது. அதைத்தான் தாங்க முடியலை."

கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. இப்ப புழக்கத்துல இருக்கிற காசு எல்லாத்தையும் படம் போட்டு, வருஷம், எடை, உலோகம், காந்தத்துல ஒட்டுமா ஒட்டாதா, அவ்வளவையும் தமிழ்ல எழுதி, ரேஷன் கடையில ஒண்ணு, பஞ்சாயத்து ஆபீஸ்ல ஒண்ணு, பள்ளிக்கூடத்துல ஒண்ணு ஒட்டுங்க. காசு உலோகத்தை மாத்துற அன்னைக்கே சனங்களுக்குச் சொல்லுங்க. வங்கிங்க வாரத்துல ஒரு நாளாவது கிராமத்துக்காரங்க கொண்டு வர்ற சில்லறையை எண்ணி வாங்கட்டும்.

பட்டணத்துல இருக்கிற உங்க கிட்டயும் ஒரு விஷயம் கேக்கணும். 'உங்க வீட்ல இந்தக் காசு இருக்கா?'ன்னு வர்ற வீடியோவை நீங்க சிரிச்சுட்டு குடும்ப குரூப்புல தட்டி விடறீங்க. உங்களுக்கு அது பொழுதுபோக்கு. ஊர்ல இருக்கிற உங்க சித்தப்பா அதை நம்பறார், ஏன்னா அனுப்பினது படிச்ச நீங்க. அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் அவரை நினைச்சுக்கோங்க. ஊருக்கு வரும்போது பையில பத்துப் பதினஞ்சு பத்து ரூபாய்க் காசு எடுத்துட்டு வந்து, வாங்க மாட்டேங்கிற கடையில பொறுமையா நின்னு ரெண்டு வார்த்தை எடுத்துச் சொல்லுங்க. நான் சொன்னா 'உனக்கு என்ன தெரியும்'ங்கிறாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க.

போன வாரம் அண்ணனும் நானும் டீக்கடைக்குப் போனோம். நான் பத்து ரூபாய்க் காசை நீட்டினேன். வழக்கம் போல, "நோட்டு இல்லையாண்ணே?"ன்னார் கடைக்காரர். நோட்டு எடுக்கிறதுக்குள்ள அண்ணன் அந்த வெள்ளை அஞ்சு ரூபாயை எடுத்து வைச்சார், கூட சில்லறை சேர்த்து. கடைக்காரர் திரும்பிக் கூடப் பாக்காம கல்லாவுல போட்டுக்கிட்டார்.

"அஞ்சு ரூபாய்க்கு அஞ்சு ரூபாய் வந்துருச்சு, தம்பி"ன்னார் அண்ணன். மாசிக்கு அப்புறம் அன்னைக்குத்தான் அவர் சிரிச்சுப் பாத்தேன்.

சொர்ணவாரிக்கு என்ன ரகம் போடலாம்னு அடுத்த பதிவுல பேசுவோம். உங்க ஊர்ல பத்து ரூபாய்க் காசு வாங்குறாங்களா இல்லையான்னு ஒரு வரி எழுதிட்டுப் போங்க.